ஆற்காடு யாருடைய இனிஷியல்?

சில வருடங்களுக்கு முன்பு வரை இணையத்தில் கார்டு போட்டுப் பணம் கட்டியவர்களுக்கு ஒரு விஷயம் ஞாபகம் இருக்கலாம். ஓடிபி வருமா வராதா என்று காத்திருக்கும் அந்த அரை நிமிடத்தில் முகவரிப் பட்டியைப் பார்த்தால், உங்கள் வங்கியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஆற்காட் டாட் காம்' என்று இருக்கும். ஏதோ மோசடி என்று பயந்து பாதியில் மூடியவர்களும் உண்டு. அது ஆற்காட் சிஸ்டம்ஸ் என்ற கலிஃபோர்னியா நிறுவனம். கார்டு வைத்திருப்பவர் அவரேதானா என்று சரிபார்க்கும் மென்பொருளைச் செய்தது. 2010இல் சி.ஏ. டெக்னாலஜீஸ் அதை வாங்கிவிட்டது. நான் ராணிப்பேட்டைப் பக்கத்துக்காரன். பாலாற்றைத் தாண்டினால் ஆற்காடு. நான் நான்தான் என்று என் வங்கிக்குச் சாட்சி சொல்ல என் பக்கத்து ஊரின் பெயர் அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்தது என்பது எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமையை வைத்து ஒரு கட்டுரை எழுதிவிடலாம். நம்மிடம் அப்படியொரு எழுத்து வகையே இருக்கிறது: ஊர்ப்பெருமைக் கட்டுரை. ஊர் பெயரைத் தாங்கிய பெரிய மனிதர்கள், ஊர் பெயரைத் தாங்கிய பலகாரம், ஊர் பெயரைத் தாங்கிய சாலை என்று வரிசையாக அடுக்கி, கடைசியில் 'இத்தகைய பெருமை வாய்ந்த நம் ஊர்' என்று முடிப்பது. ஆற்காட்டுக்கு அந்த வரிசை மிக நீளம். ஆற்காடு நவாப், ஆற்காடு இளவரசர், ஆற்காடு ரூபாய், ஆற்காடு இரட்டையர், ஆற்காடு வீராசாமி, சென்னையின் ஆற்காடு சாலை, 1853இல் ஸ்கடர் குடும்பத்தார் தொடங்கிய அமெரிக்கன் ஆற்காடு மிஷன், கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை, மக்கன் பேடா, இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் 'ஆற்காட் ஹால்' என்றொரு கோல்ஃப் கிளப். ஒரே குடும்பப் பெயர் கொண்ட பெரிய கூட்டுக் குடும்பம் மாதிரி இருக்கிறது. ஆனால் இந்தக் குடும்பத்தில் யாரும் ஆற்காட்டில் குடியிருப்பதில்லை. மக்கன் பேடா மட்டும் விதிவிலக்கு. அது இன்றும் ஊரில்தான் இருக்கிறது, ஒவ்வொரு கடையும் தன்னுடையதே அசல் என்று போர்டு மாட்டியிருக்கிறது.

பெயர் இப்படி ஊரை விட்டுப் போவதை ஊர்ப்பெருமைக் கட்டுரைகள் புகழ் என்று வாசிக்கின்றன. அந்த வாசிப்பு தவறு என்பது என் எண்ணம்.

முதலில் பெயர். ஆறு காடுகள் சேர்ந்து ஆற்காடு ஆயிற்று, பாலாற்றங்கரையில் ஆறு முனிவர்கள் ஆறு காடுகளில் தவம் செய்தார்கள் என்பது தலபுராணம். இலக்கணம் இதற்கு ஒத்துழைக்கவில்லை. எண்ணாகிய ஆறு, இன்னொரு சொல்லோடு சேரும்போது 'அறு' என்று குறுகும்: அறுசுவை, அறுமுகம். நதி என்றால் 'ஆற்று' என்று வரும்: ஆற்றுமணல். இரண்டிலும் ஆற்காடு கிடைக்காது. ஆர் என்றால் ஆத்தி. ஆத்திமரக் காடு ஆர்க்காடு. சங்கப் பாடல்களில் அழிசி என்பவனின் ஊராக ஓர் ஆர்க்காடு வருகிறது. அது இந்த ஊர்தானா என்பதில் அறிஞர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். எது எப்படியோ, எழுத்துக்கூட்டலிலேயே ஊர் தன் மரத்தை இழந்துவிட்டது.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாததுல்லா கான் காலத்தில் ஆற்காடு கர்நாடக நவாபுகளின் தலைநகரம் ஆனது. அங்கிருந்துதான் பெயர் வெளியே கிளம்புகிறது, முதலில் நாணயத்தின் மேல் ஏறி. 1736இல் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் ஆற்காடு ரூபாய் அச்சடிக்க அனுமதி வாங்கினார்கள். சில ஆண்டுகளில் ஆங்கிலேயரும் வாங்கினார்கள். அதாவது புதுச்சேரியிலும் சென்னையிலும் அடிக்கப்பட்ட காசில், அடிக்கப்பட்ட ஊர் 'ஆற்காடு' என்று பாரசீகத்தில் இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் சென்னை நாணயசாலை அடித்த ஆற்காடு ரூபாய்களை எங்காவது அருங்காட்சியகத்தில் பார்த்தால் கவனியுங்கள். அவற்றில் ஹிஜ்ரி 1172 என்று இருக்கும். இரண்டாம் ஆலம்கீர் என்ற, 1759லேயே கொல்லப்பட்ட முகலாய அரசரின் பெயர் இருக்கும். ஊரும் பொய், தேதியும் பொய், ராஜாவும் உயிரோடில்லை. ஆனால் வெள்ளி நல்ல வெள்ளி. சந்தையில் காசு செல்ல வேண்டுமென்றால் ஆற்காடு என்ற கையெழுத்து தேவைப்பட்டது, ஆற்காடு தேவைப்படவில்லை.

அடுத்து கடன். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் ஆங்கில உரைநடையின் பெரிய சாதனைகளில் ஒன்று இந்தப் பெயரில்தான் இருக்கிறது. 1785 பிப்ரவரி 28 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் பேசிய பேச்சு, 'ஆற்காடு நவாபின் கடன்கள்' பற்றியது. நவாப் முகமது அலி வாலாஜா அப்போது ஆற்காட்டில் இல்லை. சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு சென்னைவாசியாகி வருடங்கள் ஆகியிருந்தன. அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் கம்பெனியின் சொந்த ஊழியர்கள். சொற்பச் சம்பளம் வாங்கும் ஒரு குமாஸ்தா, ஒரு நாட்டின் நவாபுக்கு லட்சக்கணக்கில் எப்படிக் கடன் கொடுக்க முடியும்? இதுதான் பர்க்கின் கேள்வி. கடனில் பெரும்பகுதி வெறும் காகிதம் என்றார். அந்தக் காகிதத்துக்கு வட்டி, வட்டிக்கு வட்டி, அதற்கு ஈடாக மாவட்டங்களின் நிலவரி. பால் பென்ஃபீல்டு என்ற கடன்காரர் இந்தப் பணத்தில் லண்டனில் நாடாளுமன்ற உறுப்பினர்களையே கைக்குள் வைத்திருந்தார். கணக்கைச் சோதிக்காமலேயே ஆண்டுக்கு 12 லட்சம் வராகன் கர்நாடக வருவாயிலிருந்து இந்தக் கடன்களுக்கு ஒதுக்கப்பட்டதை எதிர்த்துத்தான் அவர் பேசினார். தோற்றார்.

கோபத்துக்காக, ஹைதர் அலியின் படையெடுப்பைச் சொல்லும் நெருப்புப் பிடித்த வாக்கியங்களுக்காக அந்தப் பேச்சைப் புகழ்வார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு பகுதி. நடுவில் பர்க் திடீரென்று ஏரிகளைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார். ஆறுகளில் எப்போதும் தண்ணீர் ஓடாத ஒரு நாட்டில், தாங்கள் செத்த பிறகும் பிறர் பிழைக்க வேண்டும் என்று ஏரி வெட்டி வைத்தவர்களைப் பற்றி. இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வராத மனிதர். காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் நின்று பார்த்தவன் அந்தப் பக்கங்களைப் படித்தால் சிலிர்த்துப்போவான், நான் சிலிர்த்தேன். ஆனாலும் விமர்சகனாக ஒன்று சொல்ல வேண்டும். பேச்சில் பெயரோடு நடமாடுகிறவர்கள் கடன்காரர்களும் நவாபும் ஹைதரும்தான். வரி கட்டியவன் ஒரு கூட்டமாக, துயரமாக மட்டுமே வருகிறான். 'ஆற்காடு கடன்' என்று பெயர். வாங்கியது சேப்பாக்கம், கொடுத்தது கம்பெனி குமாஸ்தா, அடைத்தது இங்கே ஏர் பிடித்தவன்.

இதே ஊரை வைத்து 1840இல் மெக்காலே எழுதியதைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் பர்க் இன்னும் உயர்வாகத் தெரிகிறார். ராபர்ட் கிளைவ் பற்றிய மெக்காலேயின் கட்டுரையில் 1751 ஆற்காடு முற்றுகை ஒரு சாகசக் கதையாக வருகிறது. ஐம்பது நாள் முற்றுகை, கோட்டைக்குள் 120 வெள்ளையர்கள், 200 சிப்பாய்கள். உணவு தீரும்போது சிப்பாய்கள் கிளைவிடம் வந்து, சோற்றை வெள்ளையர்களுக்குக் கொடுங்கள், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும் என்றார்களாம். இதை மெக்காலே விசுவாசத்தின் உச்சமாகக் காட்டுகிறார். எங்கள் ஊர்ப்பெருமைக் கட்டுரைகளும் இந்தக் கதையைத் தவறாமல் எடுத்துப் போடுகின்றன, நம் ஆட்களின் தியாகமாம். சோறு யாருக்கு, கஞ்சி யாருக்கு என்ற ஏற்பாடு எங்கள் பக்கத்தில் விசுவாசத்தால் மட்டும் நடப்பதில்லை என்று தெரிந்தவர்கள் இந்தக் கதையை வேறு மாதிரி வாசிப்பார்கள். 200 பேரில் ஒருவருக்கும் கட்டுரையில் பெயர் இல்லை. கிளைவும் பட்டம் வாங்கும்போது ஆற்காட்டை எடுத்துக்கொள்ளவில்லை, பிளாசியை எடுத்துக்கொண்டார்.

இன்னொரு பெயர் கதையும் உண்டு. திப்பு சுல்தானுக்கு அந்தப் பெயர் வந்ததே ஆற்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவுலியா என்ற சூஃபியின் பெயரால்தான். தர்கா இன்றும் இருக்கிறது. அந்தத் திப்புதான் 1783இல் ஆற்காட்டுக் கோட்டையை இடித்தார். பெயரை எடுத்துக்கொண்டு மதிலைத் தரைமட்டமாக்கியவர் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கலாம். போர் என்றால் கோட்டையை இடிப்பார்கள், அவ்வளவுதான். மிச்சம் டெல்லி கேட்.

பிறகு வந்ததெல்லாம் வேகமாகச் சொல்லிவிடக் கூடியவை. 1855இல் வாரிசில்லை என்று நவாப் பட்டம் ஒழிக்கப்பட்டு, சில ஆண்டுகளில் 'ஆற்காடு இளவரசர்' என்ற புதுப் பட்டம் வந்தது. இளவரசரின் வீடு ராயப்பேட்டை அமீர் மகால். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுக்குப் போனது என்பார்கள். போய் நின்ற இடம் இன்றைய வாலாஜா ரோடு. ஆற்காட்டுக்கு இன்றைக்கும் ரயில் நிலையம் கிடையாது. வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகர் 1911 வரை சித்தூர், அப்புறம் வேலூர். தென்னாற்காட்டுக்குக் கடலூர். 1989இல் வட ஆற்காடு பிரிந்தபோது ஒரு பாதி 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்' ஆனது. சில ஆண்டுகளில் அம்பேத்கரும் போனார், ஆற்காடும் போனது, வேலூர் என்றானது. 2019இல் வேலூரையும் மூன்றாகப் பிரித்தார்கள். அப்போதாவது பெயர் திரும்பி வந்ததா என்றால், மாவட்டத்துக்கு ராணிப்பேட்டை என்று வைத்து ஆற்காட்டை அதில் ஒரு தாலுகா ஆக்கினார்கள். நான் ராணிப்பேட்டைக்காரன் என்பதால் இதில் எனக்குப் புகார் இல்லை.

குடும்பப் பெயர் என்றேன். தமிழர்களுக்கு அது கிடையாது, பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் 'சர்நேம்' கட்டத்தில் எல்லோரும் முழிக்கிறோம் என்பது பழைய ஜோக். ஆனால் ஒரு காலத்தில் ஊர் பெயரின் முதல் எழுத்து இங்கே கிட்டத்தட்ட அந்த வேலையைச் செய்தது. ஏ. ராமசாமி முதலியார், ஏ. லட்சுமணசாமி முதலியார் என்ற இரட்டையர்களின் ஏ, ஆற்காடு. 1887இல் அவர்கள் பிறந்தது கர்னூலில். முன்னவர் ஐ.நா.வின் பொருளாதார சமூகக் குழுவுக்கு முதல் தலைவர். பின்னவர் 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். திமுகவின் வீராசாமியை எல்லோரும் 'ஆற்காட்டார்' என்பார்கள். 2006இல் அவர் சட்டமன்றத்துக்குப் போனது அண்ணாநகரிலிருந்து. ஊர் ஓர் எழுத்தாகச் சுருங்கி மனிதரோடு பயணம் போய்விடுகிறது.

1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு சாதி வால் மெல்ல மெல்ல அறுந்தது. தலைப்பக்கம் ஊர் இருந்தது. வால் ஆபாசம், தலை அப்பாவி என்று நாம் நம்பிக்கொண்டோம். தலை அவ்வளவு அப்பாவியா? தமிழில் 'ஊர்' என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் காடு இல்லை. சேரி. ஊர்த்தெரு வேறு, காலனி வேறு. தன் பெயருக்கு முன்னால் ஊரை எழுதிக்கொள்ள, முதலில் ஊருக்குள் இருந்திருக்க வேண்டும். ஊர் பெயரை இனிஷியலாகச் சூடிய பழைய பெரிய மனிதர்களின் பட்டியலை ஒருமுறை புரட்டிப் பாருங்கள், எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்று தெரியும்.

இப்போது ஆம்பூர் பக்கம் திரும்பலாம். அங்கே நடப்பது இதற்கு நேர் தலைகீழ். ஆற்காட்டில் பெயர் மட்டும் வெளியே போனது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் பொருள் போகிறது, பெயர் போவதில்லை. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல் ஒன்றரை நூற்றாண்டாகக் கப்பலேறியது, 'ஈ.ஐ.' என்ற முத்திரையோடு. அது ஈஸ்ட் இந்தியா. 2008இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கம்பெனி செத்து நூறு வருடத்துக்கு மேல் ஆனாலும் பதிவேட்டில் நிற்பது அதன் இனிஷியல்தான். இன்று ஷூவாகப் போகிறது. ஐரோப்பியக் கடை ஒன்றில் ஷூவின் நாக்கைத் திருப்பிப் பார்த்தால் ஏதோ ஒரு குடும்பத்தின் பெயர் இருக்கும். அங்கே அது அப்படித்தான், செருப்புத் தைத்தவனின் குடும்பப் பெயரே பிராண்டு ஆகிவிடும். உள்பக்கம் சின்னதாக 'இந்தியாவில் தயாரிக்கப்பட்டது'. ஆம்பூர் எங்கேயும் இருக்காது.

என் அம்மா 11 வருடம் ஷூ கம்பெனிக்குப் போனவர். காலையில் கம்பெனி பஸ், அப்பர் தைக்கிற மிஷின், சாயங்காலம் அதே பஸ். எந்த பிராண்டும்மா தைச்சீங்க என்று இந்தக் கட்டுரைக்காகக் கேட்டேன். "இன்னாத்துக்குடா இப்போ? லேபிள் ஒட்றது வேற செக்‌ஷன். எங்களுக்கு ஆர்டர் நம்பர்தான் தெரியும்" என்றார். தோல் வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் எந்தத் தெருக்காரர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தொழில் தண்ணீரை என்ன செய்தது என்பது வேலூர் என்ற பெயரோடு சட்டப் புத்தகத்தில் இருக்கிறது: 1996 வேலூர் குடிமக்கள் நலப் பேரவை வழக்குத் தீர்ப்பைப் படிக்காமல் இந்தியாவில் எவரும் சுற்றுச்சூழல் சட்டம் படிக்க முடியாது.

ஆம்பூரின் பெயர் வெளியே போனது பிரியாணியில் மட்டும்தான். அங்கேயும் யார் பெயருக்குள், யார் வெளியே என்ற கேள்வி வந்தது. 2022 மே மாதம் மாவட்ட நிர்வாகம் ஆம்பூர் பிரியாணித் திருவிழா அறிவித்தது. புவிசார் குறியீடு வாங்குவதும் நோக்கம் என்றார்கள். பட்டியலில் மாட்டுக்கறி பிரியாணி இல்லை. எதிர்ப்பு கிளம்பியது, மழை என்று சொல்லி விழா தள்ளிப்போனது, இது பாகுபாடு ஆகாதா என்று ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. நவாப் வீட்டுச் சமையல்காரர்கள் கொண்டுவந்தது ஆம்பூர் பிரியாணி என்ற வரலாறு விளம்பரத்துக்கு ஆகும். டேனரிக்காரர்கள் வேலை முடிந்து சாப்பிட்டது ஆகாது. பர்க்கின் பேச்சில் வரி கட்டியவனுக்கு என்ன இடமோ அதே இடம்.

இலக்கியம் இதை என்ன செய்தது? தோல் தொழிலாளர்களைப் பற்றித் தமிழில் அதிகம் பேசப்பட்ட நாவல் டி. செல்வராஜின் 'தோல்', 2012இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. அதன் களம் திண்டுக்கல். தென்னாற்காட்டுக்காரர்கள் தங்கள் பெயர்ப் பிரச்சினையை வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டார்கள்: நவாபும் கலெக்டரும் வைத்த பெயரைத் தூக்கிப்போட்டுவிட்டு 'நடுநாடு' என்ற பழைய பெயரை எடுத்துக்கொண்டார்கள். கண்மணி குணசேகரன் ஒரு சொல்லகராதியே தொகுத்துவிட்டார். எங்கள் வடக்குப் பக்கத்துக்கு அப்படியொரு பெயர் அமையவில்லை. தொண்டை மண்டலம் என்றால் காஞ்சிபுரத்துக்காரர்கள் முதலில் கை தூக்குவார்கள்.

எங்களுக்கு இருப்பது பேரணாம்பட்டு அழகிய பெரியவன். 2001இல் வந்த அவருடைய 'தகப்பன்கொடி'யை நான் இந்தக் கேள்வியோடுதான் திரும்பப் படித்தேன். தலைப்பைப் பாருங்கள். தகப்பன் வழியாக வரும் கொடி என்றால் குடும்பப் பெயர்தான், வேறென்ன? நிலமும் சாதியும் ஒருவனுக்கு எதை மிச்சம் வைக்கின்றன என்று கேட்கிற நாவலுக்கு இந்தத் தலைப்பு. புத்தகத்தின் அட்டையில் எழுதியவர் பெயருக்கு முன்னால் ஊரும் இல்லை, பின்னால் எதுவும் இல்லை. புனைபெயர்தான், எல்லோரும் வைத்துக்கொள்வது என்று சொல்லலாம். எனக்கு அது ஒரு வாக்கியமாகவே தெரிகிறது. அவரை 'தலித் எழுத்தாளர்' என்ற அலமாரியில் வைத்துவிட்டு, ஆற்காட்டின் வரலாறு என்றால் கிளைவையும் நவாபையும் தேடிப் போகிற பழக்கம் நம் விமர்சகர்களிடம் இருக்கிறது. ஆற்காட்டின் கடன்களைப் பற்றிய புத்தகமாக 'தகப்பன்கொடி'யை வாசித்துப் பாருங்கள் என்பதுதான் நான் கேட்பது.

இன்னொரு புத்தகம் எழுதப்படாமல் இருக்கிறது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். எங்கள் தெருவில் அவர்களுக்கு இன்றைக்கும் 'வடக்கத்தி ஆளுங்க' என்றுதான் பெயர். அவர்களுக்கும் குடும்பப் பெயர்கள் இருந்தன, நம்மைப் போல ஓர் எழுத்தில்லை, முழுசாக. வங்காளத்தில் யாராவது அதை எழுதியிருந்தால், மொழி தெரிந்த நண்பர்கள் சொல்லுங்கள்.